பேர் தெரிகிற பக்கம்

ஓர் இன்ஜினைத் தூக்கி வண்டியில் வைக்க எத்தனை ஆம்பளை வேண்டும் என்று நினைக்கிறீர்கள்? தூக்குவதற்கென்றால் ஒருத்தன் போதும், வேப்பமரக் கிளையில் செயின் பிளாக் தொங்குகிறது, சங்கிலியை இழுத்தால் அதுவே தூக்கிவிடும், மிச்சப் பேரெல்லாம் பேசுவதற்கு. தோட்டத்துச் சாளை வீட்டுக் கூரையின் நிழலில் பலகை போட்டு உட்கார்ந்திருந்த துளசிமணி அப்படித்தான் கணக்குப் போட்டாள். மடியில் பாப்பா, பால் குடித்த வாய் திறந்தபடியே தூங்கிப்போயிருந்தது. பக்கத்தில் குண்டா நிறைய ஊறின மொச்சை. ஒன்றை எடுத்து விரலிடுக்கில் அழுத்தினால் தோல் கையோடு நிற்கும், பருப்பு மட்டும் பொளக்கென்று முறத்தில் விழும். சங்கிலியை இழுப்பது அவள் புருஷன் கனகராஜ். பொளக். ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு "ஆமாங்கண்ணா, அதேதானுங்கண்ணா" என்று தலையாட்டுவது வெல்டிங் பட்டறை ராயப்பன். பொளக். இரண்டு பேருக்கும் நடுவில், வேட்டியை மடித்துக் கட்டி, எதையும் தொடாமல் எல்லாவற்றுக்கும் விரலை மட்டும் நீட்டிக்கொண்டு நிற்பது சின்ன மாமனார் ஆறுச்சாமி, செத்துப்போன மாமனாரின் தம்பி. "இந்தப் பக்கம் எறக்குடா கனகு. இந்தப் பக்கம்னா எந்தப் பக்கம்? நாஞ் சொல்ற பக்கம்." பொளக். இந்தப் பருப்பு மாதிரி ஒவ்வொருத்தர் மண்டையையும் அழுத்தினால் உள்ளே இருந்து என்ன வந்து விழும் என்று நினைத்தாள், சின்ன மாமாவுடையதில் தோல் மட்டும்தான் இருக்கும் என்று தோன்றியதும் சிரிப்பு வந்துவிட்டது, பாப்பா குலுங்கி உதட்டைச் சப்புக்கொட்டியது. வண்டி பாவம், மூக்கு மட்டும் சிவப்பாக, வயிறு திறந்து நின்றது. பெரிய டிராக்டர் நுழையாத மஞ்சள் செடி வரிசைப் பாருக்குள்ளும் வாழைச் சந்துக்குள்ளும் நுழைந்து வருகிற குட்டி டிராக்டர். அதனுடைய இன்ஜின் தேய்ந்து, புகை கக்கி, கடைசியில் இறுகிப்போய் ஒரு சாக்கின் மேல் கிடந்தது. அதற்குப் பதிலாக, கிணற்றுக்குக் கரண்டு மோட்டார் வந்த நாளிலிருந்து மோட்டார் ரூமில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்த பழைய ஆயில் இன்ஜினை இன்றைக்கு அதற்குள் வைக்கிறார்கள். இரண்டு பக்கமும் பெரிய இரும்புச் சக்கரம், கையால் ஹேண்டில் போட்டுச் சுற்றினால் ஓடுகிற சாதி. அது சங்கிலியில் அந்தரத்தில் தொங்கி மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது, கல்யாண மண்டபத்தில் யாருக்கு வணக்கம் வைப்பது என்று தெரியாமல் நிற்கிற கிழவர் மாதிரி.

முதலில் சரியாகத்தான் இறக்கினார்கள். அதுதான் அவளுக்கு ஆறவில்லை. தெரியாமல் தப்பாக வைத்திருந்தால்கூட மன்னித்துவிடலாம், சரியாக வைத்ததை எடுத்துத் தப்பாக வைப்பதற்கு ஒரு தனி மூளை வேண்டும். வண்டியின் கியர்ப் பெட்டிக்குப் பெல்ட் போவது வலது பக்கத்தில். ஆகையால் இன்ஜினின் வலது சக்கரத்தில் பெல்ட்டை மாட்டி, மேலே தகர மூடி போட்டுவிட்டால் வேலை முடிந்தது. போல்ட்டை ராயப்பன் கையால் திருகவும் ஆரம்பித்துவிட்டான். அப்போதுதான் சின்ன மாமா குனிந்து பார்த்தார். இன்ஜினின் அந்தப் பக்கத்து உடம்பில் மஞ்சள் பெயிண்ட்டில் எழுதியிருந்தது, 'ஓ. மாரப்பன் தோட்டம்'. தகர மூடி போட்டால் அது மறைந்துவிடும். "அண்ணன் பேரு பெல்ட்டுக்கு அடியில போறதா? அண்ணன் சம்பாரிச்ச இன்ஜின்டா இது." கண்ணைக்கூட ஒரு தடவை துடைத்துக்கொண்டார். துளசிமணி பொளக் பொளக்கென்று இரண்டை ஒன்றாகப் பிதுக்கினாள். அந்தப் பேருக்குக் கீழே இன்னொரு வரி இருப்பது இந்தத் தோட்டத்தில் யாருக்குத் தெரியாது. 'தம்பி ஆறுச்சாமி'. மேல் வரி பாதி அழிந்துவிட்டது, கீழ் வரி மட்டும் புதுப்பெண் போலப் பளிச்சென்று இருக்கிறது, போன ஆயுத பூஜைக்கு யார் பெயிண்ட் டப்பாவோடு மோட்டார் ரூமுக்குள் போனது என்பதை அவள் கண்ணால் பார்த்தவள். உடனே இன்ஜினை மறுபடி தூக்கி, அந்தரத்தில் ஒரு திருப்புத் திருப்பி, முன்பக்கம் பின்பக்கமாக இறக்கினார்கள். பேர் இப்போது இடது பக்கம், ஊரே பார்க்கலாம். பெல்ட் மாட்டுகிற வளையத்தைக் கழற்றி, இப்போது வலது பக்கம் வந்துவிட்ட மறு சக்கரத்தில் போட்டு, பெல்ட்டை வலது பக்கமே மாட்டியாகிவிட்டது. "பாத்தியா, ரெண்டு பக்கமும் சக்கரம் இருக்கறது எதுக்குங்கறே? இதுக்குத்தான்" என்றார் சின்ன மாமா. "அதேதானுங்கண்ணா" என்றான் ராயப்பன். அவள் புருஷன் சங்கிலியைச் சுற்றி வைத்தான். இன்ஜின் என்ன சுவாமி படமா, பார்க்கிற பக்கம் திருப்பி மாட்ட? அவள் வீட்டுத் தையல் மிஷினை எடுத்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்து மிதித்தால் சக்கரம் நம்மைப் பார்த்து உருளும், துணி முன்னால் போகும். அதே மிஷினை அப்படியே திருப்பி வைத்துவிட்டு அதே இடத்தில் நின்று பார்த்தால் சக்கரம் நம்மை விட்டு உருளும். மிஷினுக்கு அது ஒரே சுற்றுத்தான், பார்க்கிற நமக்குத்தான் மாறிப்போகும். இன்ஜினும் அப்படித்தானே. அது எப்போதும் சுற்றுகிற பக்கம்தான் சுற்றும், ஆறுச்சாமி பேர் வெளியே தெரிகிறது என்பதற்காக மாற்றிச் சுற்றப்போவதில்லை. ஆனால் வண்டிக்கு அது தலைகீழ். கியரை முன்னால் போட்டால் வண்டி பின்னால் போகும். பின்னால் போட்டால் முன்னால் போகும். இனிமேல் இந்த வண்டி மஞ்சள் காட்டை முதுகைக் காட்டிக்கொண்டே உழும்.

சொல்லலாம். வாயைத் திறந்து "மாமா, அப்படி வெச்சா வண்டி பொறத்தால போகுமுங்" என்று சொல்ல எவ்வளவு நேரமாகும், ஒரு மொச்சை பிதுக்குகிற நேரம். அவளும் சொல்லாமல் இல்லை, ராயப்பன் தண்ணீர் குடிக்க வந்தபோது சொம்பை நீட்டிக்கொண்டே கேட்டாள், "ஏனுங்ண்ணா, திருப்பி வெச்சதுல சுத்தறது மாறிக்காதுங்களா?" ராயப்பன் அண்ணாந்து குடித்து, வாயைத் துடைத்து, சொம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "இன்ஜின்னா சுத்துமுங் அம்மணி. சுத்துனாச் சரிதானுங்" என்றான். அங்கிருந்தே சின்ன மாமாவின் குரல் வந்தது. "என்ன கேக்கறா?" "சுத்துமான்னு கேக்கறாங்கண்ணா." "சுத்தறதெல்லாம் நாங்க பாத்துக்கறோம், சோத்துக்கு ஒல வெச்சாச்சான்னு பாக்கச் சொல்லு." கனகராஜ் சிரித்தான். பெரிதாக ஒன்றும் இல்லை, மூக்கால் விடுகிற சிரிப்பு, சித்தப்பன் பேசி முடித்தால் முற்றுப்புள்ளி மாதிரி அவன் வைக்கிற சிரிப்பு. பொளக். இந்தச் சிரிப்பு புதிதில்லை. போன வருஷமும் இதே மரத்தடியில்தான். சின்ன மாமா தன் பெரிய டிராக்டருக்கு ஆயில் மாற்றினவர், வடித்த பழைய ஆயிலைக் கேனில் தூக்கிக்கொண்டு வந்து, "இன்னும் ஒரு வருசம் ஓடும், எதுக்கு வீண் பண்றது" என்று குட்டி வண்டிக்கு ஊற்றினார். தார் மாதிரி வழிந்தது. அன்றைக்கும் அவள் வாயைத் திறந்தாள், "கருப்பா இருக்குதுங் மாமா." "கருப்பா இருந்தாக் கெட்டதா அம்மணி? உன்ற புருசங்கூடத்தான் கருப்பு, நீ வேண்டாம்னா சொன்னே?" எல்லாரும் சிரித்தார்கள். கனகராஜும் சிரித்தான். அது போகட்டும். அவளும் சிரித்தாள். இதுதான் முள். மற்றவர்கள் சிரித்ததெல்லாம் மறுநாளே காய்ந்து உதிர்ந்துவிட்டது, அவள் சிரித்தது மட்டும் இன்னும் உள்ளே குத்திக்கொண்டிருக்கிறது. எதற்குச் சிரித்தாள்? ஜோக்கு நன்றாக இருந்ததா? இல்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, தோளைக் குலுக்கி, நல்ல மருமகள் மாதிரி. சை. அந்தச் சிரிப்புக்காகத் தன்னைத்தானே இரண்டு அறை அறையலாம். அறுவடை முடிவதற்குள் இன்ஜின் இறுகிப்போனது. சந்தையில், பால் சொசைட்டியில், மாரியம்மன் கோயில் பொங்கலில், எங்கே போனாலும் ஒரே பேச்சு. "பொம்பளை ஓட்டுன வண்டி, என்னாகும்?" கேன் தூக்கி வந்தவரே அதை எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னார். அவள் ஆயில் கேனைப் பற்றிப் பேச வாயெடுத்தபோது கனகராஜ், "உடு துளசி, பெரியவிய சொன்னாச் சொல்லிட்டுப் போறாங்க" என்றான். இவன் விட்டுக்கொண்டே இருப்பான். இவன் விட்டதையெல்லாம் ஒரு மூட்டையாகக் கட்டினால் இன்னொரு தோட்டம் வாங்கலாம்.

பாப்பாவின் தலை வியர்வையில் அவள் முழங்கையோடு ஒட்டியது, மெல்லப் பெயர்த்து மறு கைக்கு மாற்றினாள். இதே பாப்பா வயிற்றில் இருக்கும்போதுதான் அந்த வண்டியில் கடைசியாக உட்கார்ந்தாள், ஸ்டீயரிங் இடித்து உள்ளே ஓர் உதை விழுந்தது, "நீயும் கியர் போடறியாடி" என்று சிரித்தாள். அது நல்ல சிரிப்பு. அந்த மாதிரிச் சிரிப்பெல்லாம் சீட்டில்தான் வந்தது. கனகராஜுக்கு மஞ்சக்காமாலை வந்து படுத்த பருவத்தில், களை முட்டிக்கு நின்றது, ஆளைக் கூப்பிட்டால் ஆள் இல்லை, சின்ன மாமாவைக் கேட்டால் "பாக்கலாம்" என்றார், அவர் பாக்கலாம் என்றால் பார்க்க மாட்டார் என்று பொருள். ஒரு காலையில் சேலையை இழுத்துச் செருகி, மேலே புருஷன் சட்டையைப் போட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்துவிட்டாள். முதல் பாரில் மஞ்சள் செடிகள் கொஞ்சம் செத்தன. அடுத்த பாரில் சாகவில்லை. அப்புறம் பக்கத்துத் தோட்டத்து அக்கா கூப்பிட்டாள், அதற்கப்புறம் வாய்க்கால் மேட்டில் கூப்பிட்டார்கள், வாழைக்குள் பன்றி புகுந்த மாதிரிக் கிளறாமல் பக்குவமாக உழுவது துளசிமணி என்று பேர் வந்தது. அவள் பேரை யாரும் எங்கேயும் பெயிண்ட்டில் எழுதவில்லை, ஆனாலும் வந்தது. சீட்டுக்குப் பழைய பட்டுப்பாவாடையைக் கிழித்து உறை தைத்தாள். கால் எட்டாததற்குக் கிளட்ச் மிதியில் கட்டை வைத்துக் கட்டினாள். அந்தக் கிளட்ச்சும் பின்னால் தேய்ந்து, மிதித்தால் வெறுமனே போய்வருகிற கதையாகிவிட்டது. அதனால் ஓடுகிற வண்டியை நிறுத்த அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். சீட்டுக்கு அடியில் இடது கைப்பக்கம் பெல்ட்டை இளக்கிவிடுகிற கம்பி ஒன்று உண்டு, அதை மேலே தூக்கி வெளியே தள்ளவேண்டும். வெறும் தூக்கினால் நிற்காது, வெறும் தள்ளினாலும் நிற்காது. கண்ணில் படுவதற்குச் சிவப்புத் துணி ஒன்றை அதில் முடிந்திருந்தாள். கனகராஜிடமும் காட்டிக் கொடுத்தாள், அவன் போனைப் பார்த்தபடியே "உம்" என்றான். இப்போது பாருங்கள், இன்ஜின் ஓடினாலும் அவளுக்குச் சீட்டு இல்லை. காலையில் வந்ததும் வராததுமாகச் சின்ன மாமா தீர்ப்புச் சொல்லிவிட்டார். "இனிமே இது ஹேண்டில் போட்டுச் சுத்தற வண்டி. பொம்பளைக்கு ஆகாது. கனகு ஓட்டிக்கட்டும்." ஓடாவிட்டாலும் சீட்டு இல்லை. "இன்னைக்கு ஓடலைன்னா செவ்வாக்கெழமை பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுட வேண்டியதுதான். கண்டவிய கால் பட்ட வண்டி." இந்தப் பக்கம் போனால் பள்ளம், அந்தப் பக்கம் போனால் குழி, நடுவில் அவள் மொச்சை பிதுக்கிக்கொண்டிருக்கிறாள். பொம்பளைக்கு ஆகாதாம். பாவாடை கட்டின வயசில் அப்பன் கிணற்றில் இதே சாதி இன்ஜினை எத்தனை நாள் சுற்றியிருக்கிறாள். மேலே இருக்கிற சின்ன நெம்புகோலைத் தூக்கிவிட்டால் காற்று வெளியே போய் இன்ஜின் லேசாகும், வேகம் எடுக்கிற வரைக்கும் சுற்றிவிட்டு நெம்புகோலைப் படக்கென்று விடவேண்டும். இதில் பலம் எங்கே இருக்கிறது? நேரம் தெரிந்தால் போதும். நேரம் தெரியாதவனுக்குத்தான் பலம் வேண்டும்.

ஹேண்டில் என்றதும் அப்பனின் கட்டைவிரல் ஞாபகம் வந்தது. மழைக்கு முந்தின ஒரு நாள், இன்ஜின் பிடிக்கிற மாதிரிப் பிடித்து, பின்னடித்து, ஹேண்டில் திரும்பி வந்து விழுந்தது. அப்பன் கத்தவில்லை. கையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்து, "கண்ணு, அம்மாளைக் கூப்புடு" என்று மட்டும் சொன்னார், முகம் விபூதி மாதிரி வெளுத்திருந்தது. அதற்கப்புறம் அந்த விரல் மடங்கவில்லை. சோற்றை நான்கு விரலால் பிசைந்தார். கட்டைவிரலை ஹேண்டிலைச் சுற்றிப் பிடிக்கக்கூடாது, மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைக்கவேண்டும், பின்னடித்தால் கை தானாக நழுவிக்கொள்ளும், இது அந்த விரல் கற்றுக்கொடுத்த பாடம். கனகராஜ் எப்படிப் பிடிப்பான்? அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவன் ஹேண்டிலை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தான், ஐந்து விரலாலும், குழந்தை கிலுகிலுப்பையைப் பிடிக்கிற மாதிரி. மடையன். அந்தக் கையை அவளுக்குத் தெரியும். பிரசவத்தன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் பிடித்துக் கசக்கின கை, நகம் பதிந்து ரத்தம் வந்தும் இழுத்துக்கொள்ளாத கை. வாய்தான் அவனுக்கு வேலை செய்யாது, சித்தப்பன் முன்னால் அது ஓய்ந்த கிளட்ச், மிதித்தால் சும்மா போய்வரும். கை நல்ல கை. சொல்லிவிடலாமா, இப்போதே, எல்லாவற்றையும். சொன்னால் என்ன ஆகும் என்று ஓட்டிப் பார்த்தாள். சின்ன மாமா முதலில் சிரிப்பார். அப்புறம் ராயப்பன் நின்று யோசிப்பான், அவனுக்கு உறைக்கும், "அண்ணா, ஒருக்கா திருப்பியே வெச்சர்லாமுங்கண்ணா" என்பான். சின்ன மாமா, "நானும் அதைத்தானடா நெனச்சேன்" என்பார். இன்ஜின் திரும்பும், ஓடும், கனகராஜ் சீட்டில் உட்காருவான், அவள் உலை வைப்பாள். நாளைக்கு ஒரு போல்ட் கழன்றாலும், "அன்னைக்கே அவ வாய வெச்சா" என்பார்கள். சொல்லாவிட்டால்? ஒருநாள் அவளே ஏறி ஓட்டும்போது இது பின்னால் போனால், பொம்பளை ஓட்டினதால் இன்ஜினே தலைகீழாகப் போச்சு என்று ஊர் சொல்லும், அதையும் சொல்லக்கூடிய ஊர்தான். ஆனால் ஓட்டுகிறவர் சீட்டில் சின்ன மாமாவே இருந்தால்? அப்போது இன்ஜின் ஓடவில்லை என்று சொல்ல முடியாது, ஓடியதே. இரும்புக்குப் போடு என்று சொல்ல முடியாது, நன்றாகத்தானே ஓடியது, பின்னால். ஏன் பின்னால் என்று நாலு பேர் கேட்பார்கள். பேர் தெரிவதற்காகத் திருப்பி வைத்தோம் என்று அவரே வாயால் சொல்லவேண்டும். பொளக். இந்தத் தடவை பருப்பு முறத்தைத் தாண்டிப் போய் விழுந்தது.

"துளசி, எலுமிச்சம்பழம் எடுத்தாந்தியா?" உள்ளேயிருந்து மாமியார் கேட்டாள். பூசைக்கு எல்லாம் கூடிவிட்டது. அடுத்த தோட்டத்து அக்கா கைக்குழந்தையோடு வந்து நின்றாள், வாய்க்கால் மேட்டுக்காரர்கள் இரண்டு பேர் பைக்கை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள், சின்ன மாமாவே போன் போட்டு வரச் சொன்ன கூட்டம்தான். மூக்குச் சிவப்பில் சந்தனம், குங்குமம், மாலை. இடது பக்கத்தில் இரண்டு வரிப் பேரையும் துணியால் துடைத்து, கீழ் வரிக்கு நேராகப் பெரிய பொட்டாக வைத்தார் சின்ன மாமா. பெல்ட்டின் தகர மூடியை இன்னும் போடவில்லை, "ஓட்டிப் பாத்துட்டுப் போட்டுக்கலாம்" என்றார். "மொத ஓட்டம் பெரியவங்க கையால நடக்கட்டும், நானே ஓட்டறேன்" என்றார் அதற்கும் மேலே. ஏறிப் பட்டுப்பாவாடை உறையின் மேல் உட்கார்ந்தார். அவ்வளவு பெரிய உடம்புக்கு அந்த உறை தெரியவே இல்லை. துளசிமணி எழுந்தாள். பாப்பாவை மாமியாரிடம் கொடுக்காமல் இடுப்பிலேயே வைத்துக்கொண்டாள். வண்டியின் மூக்கு ரோட்டைப் பார்த்து நின்றது, பின்பக்கம் கொஞ்ச தூரத்தில் எருக்குப்பை மேடு, மழையில் ஊறிப் பஞ்சு மாதிரி. குப்பை மேட்டுக்கு முன்னால் கட்டியிருந்த கன்றுக்குட்டியை அவிழ்த்துச் சாளைக்கு அந்தப் பக்கம் கட்டினாள். கிளறிக்கொண்டிருந்த கோழிகளைச் சூவென்று விரட்டினாள். அடுத்த தோட்டத்து அக்கா அங்கே நின்றதைப் பார்த்து, "அக்கா, முன்னால வந்து நில்லுங், நல்லாத் தெரியும்" என்று கையைப் பிடித்து இழுத்து வந்தாள். இதெல்லாம் அவள் செய்வதை யார் பார்க்கிறார்கள்? பெருக்குகிற மாதிரி, கோலம் போடுகிற மாதிரி, ஒரு பொம்பளை அங்கும் இங்கும் ஏதோ செய்துகொண்டிருக்கிறாள். தட்டில் நாலு எலுமிச்சம்பழம். வண்டிப் பூசை என்றால் பழத்தை எங்கே வைப்பது என்று பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும், சக்கரத்துக்கு முன்னால், வண்டி முன்னால் நகர்ந்து நசுக்கவேண்டும். அவள் குனிந்தாள். முதல் பழத்தைப் பெரிய டயருக்குப் பின்னால் வைத்து, உருளாமல் மண்ணில் அழுத்தினாள். அந்தப் பக்கம் போய் அடுத்ததை. முன் டயர்கள் இரண்டுக்கும் பின்னால் ஒவ்வொன்று. நிதானமாக வைத்தாள், யாராவது கண்ணைத் திருப்பினால் பார்த்துவிடலாம் என்கிற நிதானம். இதோ சொல்லியாயிற்று. வாயால் சொன்னால் சிரிப்பார்கள், அதனால் கையால் சொல்லியாயிற்று, மஞ்சளாக, நாலு இடத்தில். பார்க்காதது அவர்கள் பாடு. சின்ன மாமா ரோட்டைப் பார்த்துக்கொண்டு மீசையைத் தடவினார். ராயப்பன் சின்ன மாமாவைப் பார்த்துக்கொண்டிருந்தான். கனகராஜ் மட்டும் ஹேண்டிலோடு குனிந்தவன், முன் டயருக்குப் பின்னால் இருந்த பழத்தைப் பார்த்தான். அப்புறம் அவளைப் பார்த்தான். அவன் நெற்றி சுருங்கியது, சக்கரத்தைப் பார்த்தான், பெல்ட்டைப் பார்த்தான், மறுபடி பழத்தை. வாய் திறந்தது. திறந்த வாய் சித்தப்பன் பக்கம் திரும்பியதும் மூடிக்கொண்டது. பார்த்தாயா, ஓய்ந்த கிளட்ச். ஆனால் அவன் கிட்டப் போய் அவள் தணிந்த குரலில் சொன்னாள், "ஏனுங், கட்டைவெரல அந்தப் பக்கம் உடாதீங். மத்த வெரலோட ஒண்ணா வெச்சுப் புடிங்." அவன் கையைப் பார்த்தான். விரலை மாற்றிக்கொண்டான். இதுபோதும் இவனிடம், இன்றைக்கு இதுபோதும்.

கற்பூரம் எரிந்தது, தேங்காய் உடைந்தது, மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கனகராஜ் சுற்றினான், ராயப்பன் நெம்புகோலைப் பிடித்துக்கொண்டு சீக்கிரமே விட்டான், இன்ஜின் ஒரு தும்மல் தும்மி ஹேண்டில் பின்னால் அடித்தது. ஹேண்டில் தெறித்துப் போய் மண்ணில் விழுந்தது. அவன் கையை உதறினான், விரித்துப் பார்த்தான், ஐந்து விரலும் மடங்கின. அவளைப் பார்த்தான். அவள் பாப்பாவின் உச்சந்தலையில் மூக்கை வைத்து மோந்துகொண்டு நின்றாள், பாலும் வியர்வையுமான அந்த வாசனை உள்ளே போனதும்தான் மூச்சு வந்தது. மறுபடி சுற்றினான், இந்தத் தடவை ராயப்பனின் கையை விலக்கி அவனே நேரம் பார்த்து நெம்புகோலை விட்டான். டக், டக், டக் டக் டக். கரும்புகை வேப்பமரத்துக்குள் ஏறியது, கிணற்றடிச் சத்தம், அப்பன் வீட்டு விடியற்காலைச் சத்தம், கூட்டம் கைதட்டியது. "எடுங்கண்ணா" என்றான் ராயப்பன். சின்ன மாமா எல்லாரையும் ஒரு பார்வை பார்த்து, பல்லைக் கடிக்கிற சத்தத்தோடு கியரை முன்னால் தள்ளினார். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிப் பின்னால் கிளம்பியது. நாலு எலுமிச்சம்பழமும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொத், சொத்தென்று அழகாக நசுங்கின, பூசையில் ஒரு குறையும் இல்லை. முகம் ரோட்டைப் பார்த்தபடி, மாலை போட்ட மூக்கு கூட்டத்தை விட்டு விலகி விலகி, சின்ன மாமா பின்னால் போனார். முதலில் அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை, முன்னால்தான் போகிறோம் என்று இன்னும் நம்பிக்கொண்டிருந்தார், ஊர்தான் ஏதோ பின்வாங்குகிறது என்று. அப்புறம் கிளட்ச்சை மிதித்தார். மரக்கட்டை போய்வந்தது. பிரேக்கைத் தேடினார், காலுக்கு அகப்படவில்லை. "டேய், நிறுத்துடா" என்று ராயப்பனைப் பார்த்துக் கத்தினார். ராயப்பன் ஓடினான், ஓடினவன் நின்றான், டீசலை அடைக்கிற திருகு திருப்பி வைத்ததில் வலது பக்கம் போயிருந்தது, மூடியில்லாத பெல்ட் அதற்கு மேல் பறந்துகொண்டிருந்தது, கையை விட எவனுக்குத் துணிச்சல் வரும். வண்டி ஒன்றும் பாய்ந்துவிடவில்லை, பாப்பாகூடத் தவழ்ந்து முந்திவிடும், அந்த நிதானம்தான் பார்க்கக் கண்கொள்ளாமல் இருந்தது. பின் டயர்கள் எருமேட்டில் ஏறின, புதைந்தன, அங்கேயே நின்று சுற்றின, எரு பந்து பந்தாகத் தெறித்து வேட்டியில், மீசையில், பொட்டு வைத்த பேரில் அப்பியது. யாரோ ஒருத்தர் சிரித்தார்கள். துளசிமணி திரும்பிப் பார்த்தாள். கனகராஜ். மூக்கால் விடுகிற சிரிப்பில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, ஹேண்டிலை ஊன்றிக்கொண்டு, சித்தப்பன் பேசி முடிக்கக்கூடக் காத்திராமல். அவன் பார்வை எருமேட்டில் இல்லை, இவள் மேல் இருந்தது. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இது அவள் சிரிக்க வேண்டிய இடமே இல்லை, முந்தானையும் வாயை நோக்கிப் போகவில்லை. சாவகாசமாக நடந்து எருமேட்டுக்குப் போனாள், சுற்றுகிற டயரை விட்டு விலகி, இடது பக்கமாக, சீட்டுக்குப் பக்கத்தில். அடியில் சிவப்புத் துணி முடிந்த கம்பி கைக்கு எட்டுகிற தூரத்தில் நின்றாள். நின்றாள், அவ்வளவுதான், தொடவில்லை. இன்ஜின் டக்டக்கென்று அடித்துக்கொண்டே இருந்தது. சின்ன மாமா இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைக் கட்டிப் பிடித்தபடி, கூட்டத்தைப் பார்த்தார், புகையைப் பார்த்தார், கடைசியில் கீழே குனிந்து, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து முதல் தடவையாக அவள் முகத்தை நேராகப் பார்த்தார்.

"அம்மணி," என்றார். "இதைக் கொஞ்சம் நிறுத்திக் குடு கண்ணு."